தோட்டத்துக்குள் எண்ணெய்க் குழாய் வந்தால்: 1962 சட்டம் என்ன சொல்கிறது?

கொங்குப் பக்கம் எண்ணெய்க் கிணறு தோண்ட யாரும் வரமாட்டார்கள். அந்த வேலையெல்லாம் காவிரிப் படுகையில், வண்டல் படிந்த நாகை, திருவாரூர் பக்கம்தான். நம் காடுகளுக்கு அடியில் இருப்பது கெட்டிப் பாறை. ஆனால் குழாய் வரும். கோவை முதல் கிருஷ்ணகிரி வரை 7 மாவட்டங்கள் வழியாகப் போகும், மத்திய அரசு நிறுவனமான கெயிலின் எரிவாயுக் குழாயை, விளைநிலத்தை விட்டுச் சாலையோரமாகக் கொண்டுபோகச் சொல்லி 2013-ல் தமிழக அரசு உத்தரவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 பிப்ரவரியில் அரசின் மேல்முறையீடு தள்ளுபடியானது. இருகூரிலிருந்து கர்நாடகத்தின் தேவனகொந்திக்குப் போகும் பெட்ரோலியக் குழாய்த் திட்டத்திலும் விவசாயிகளின் கோரிக்கை அதேதான்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை, 1962-ம் ஆண்டின் பெட்ரோலியம், கனிமக் குழாய்கள் சட்டம். இதன்படி நிலத்தை யாரும் வாங்குவதில்லை. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும், நிலவரியும் நீங்களே கட்டுவீர்கள். குழாய் போகும் நீளவாக்கு நிலப் பட்டையின் உபயோக உரிமை மட்டும் கைமாறும். கேட்க லேசாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு அந்த இடத்தில் கட்டடம் கட்டக்கூடாது, கிணறோ குட்டையோ வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. மஞ்சளோ கடலையோ போடலாம், தென்னை வைக்க முடியாது. தென்னந்தோப்புக்காரருக்கு இது நிலமே போன மாதிரிதான்.

முதலில், உபயோக உரிமையை எடுக்கப்போவதாகச் சட்டத்தின் 3(1) பிரிவுப்படி அரசிதழில் அறிவிப்பு வரும். அதில் உங்கள் சர்வே நம்பர் இருந்தால் 21 நாளுக்குள், இதற்கென்று நியமிக்கப்பட்ட தகுதிவாய்ந்த அலுவலரிடம் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். நேரிலோ வக்கீல் மூலமோ சொல்வதை அவர் கேட்டே ஆகவேண்டும். வாயால் சண்டை போட்டுவிட்டு வருவது கணக்கில் சேராது. அறிவிப்பு வந்து ஓராண்டுக்குள் 6-வது பிரிவுப்படி உறுதி அறிவிப்பு வராவிட்டால், பழையது தானாகக் காலாவதி.

தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவர்கள் 7-வது பிரிவைப் பிடித்துக்கொள்ளலாம். அறிவிப்புக்கு முன்பே குடியிருப்பாக இருந்த இடம், நிரந்தரக் கட்டடம் நிற்கும் இடம், வீட்டை ஒட்டிய வாசல், களம் ஆகியவற்றின் அடியில் குழாய் பதிக்க முடியாது. மற்ற இடங்களிலும் குறைந்தது ஒரு மீட்டர் ஆழத்தில்தான் போகவேண்டும்.

இழப்பீடு இரண்டு வகை. ஒன்று, உபயோக உரிமைக்காக, அறிவிப்பு வந்த தேதியில் இருந்த சந்தை மதிப்பில் 10 சதவீதம். ஏக்கர் 40 லட்சம் என்று வையுங்கள், பட்டை 25 சென்ட் என்றால் அதன் மதிப்பு 10 லட்சம், கைக்கு வருவது 1 லட்சம். வாழ்நாளுக்கும் மரம் வைக்க முடியாத நிலத்துக்கு இந்தத் தொகை ரொம்பக் குறைவு என்பதே என் எண்ணம்.

மற்றொன்று சேதத்துக்கு: வெட்டும் மரம், நிற்கும் வெள்ளாமை, உடையும் சொட்டுநீர்க் குழாய், நின்றுபோகும் வருமானம். உண்மையில் தொகை கூடுவதும் குறைவதும் இங்கேதான். கணக்கெடுக்க வரும் அன்று தோட்டத்தில் இருங்கள். தென்னை எத்தனை, எது காய்ப்பில் இருக்கிறது, எது கன்று என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள், எழுதியதை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலில் பயிர் சரியாக ஏறியிருக்கிறதா என்று விஏஓ-விடம் முன்பே கேட்டு வையுங்கள்.

தொகை கட்டுப்படியாகாவிட்டால் மாவட்ட நீதிபதியிடம் மனுப் போடலாம். அக்கம்பக்கத்துக் கிரையப் பத்திர நகல்கள் அங்கே உதவும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால் பணம் கைக்கு வர இழுத்தடிக்கும். அதனால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டா மாறுதலை இப்போதே முடித்து வையுங்கள்.