கரையில் கிடக்கும் ஆமையைக் கடலுக்குள் தள்ளாதீர்கள்

அந்த வீடியோவை எனக்கு ஐந்து பேர் அனுப்பியிருந்தார்கள். கரையில் ஒரு பேராமை (பச்சை ஆமை என்றும் சொல்வார்கள், கடலாமைகளில் ஓர் இனம்) கிடக்கிறது. நான்கைந்து இளைஞர்கள் ஆளுக்கொரு துடுப்பைப் பிடித்து இழுத்துப் போய் அலையில் விடுகிறார்கள். அலை திரும்பக் கொண்டுவந்து போடுகிறது. மறுபடி இழுக்கிறார்கள். மூன்றாம் தடவை இடுப்பளவுத் தண்ணீர் வரை கொண்டுபோய்த் தள்ளிவிட்டு, நனைந்த சட்டையோடு சிரித்துக்கொண்டே திரும்புகிறார்கள். சுற்றிலும் கைதட்டல். பின்னணியில் உருக்கமான இசை. கீழே இதயங்களும் கும்பிடுகளுமாகக் கொட்டிக் கிடக்கின்றன.

மறுநாள் மாலை அதே ஆமை செத்துப்போய், கால்நடை மருத்துவரான என் பிரேதப் பரிசோதனை மேசைக்கு வந்தது. ஓட்டின் பின் விளிம்பில் இருந்த பழைய வெட்டு வடுவை வைத்து அடையாளம் தெரிந்தது. திறந்து பார்த்தால் இரண்டு நுரையீரலிலும் சீழ்க்கட்டிகள். (ஊர்வனவற்றின் சீழ் நம்முடையதைப் போல வடியாது, பாலாடைக்கட்டி மாதிரி இறுகிவிடும். ஊசியால் உறிஞ்சி எடுக்க முடியாது, மருந்துக்கும் லேசில் மசியாது.) குடலுக்குள் நைலான் இழை பந்தாகச் சுருண்டிருந்தது. இவையெல்லாம் பல வாரத்துக் கதை. புதிதாக நடந்தவை இரண்டு. இடது முன்துடுப்பு தோள்மூட்டிலிருந்து கழன்றிருந்தது. மூச்சுக்குழாய் முழுக்க நுரையும் மணலும். மூச்சுவிடத் திணறிக் கரையேறிய பிராணியைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொன்றிருக்கிறோம்.

காப்பாற்றியிருக்க முடியுமா என்று கேட்டால் உறுதி சொல்ல மாட்டேன். பாதிக்குப் பாதி. ஆனால் அந்தப் பாதியையும் கரையிலேயே பறித்துவிட்டோம். இந்தப் பருவத்தில் இப்படி என்னிடம் வந்தது இது நான்காவது. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் எரிச்சலோடுதான்.

"கடல் பிராணிதானே, கடலில் விட்டால் பிழைத்துக்கொள்ளும்." இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எப்படியாவது மக்கள் மனத்திலிருந்து அழித்துவிட வேண்டும். மீன் தரையில் துள்ளினால் தண்ணீரில் விடுங்கள், சரி. ஆமை மீன் இல்லை. அதற்குச் செவுள் கிடையாது. உங்களுக்கும் எனக்கும் இருப்பதைப் போல நுரையீரல்தான். கடலிலேயே வளர்ந்து கிழமானாலும், ஒவ்வொரு மூச்சுக்கும் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்கத் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு போனதால்தான் அது கரையில் கிடக்கிறது. காய்ச்சலில் நினைவிழந்து கிடப்பவரைக் குளத்தில் இறக்கிவிட்டு, "நீச்சல் தெரிந்தவர்தானே" என்று சொல்வோமா?

இதைச் சொன்னதும் வரும் அடுத்த கேள்வியும் எனக்கு மனப்பாடம். "ஆமை மணிக்கணக்கில் தண்ணிக்குள்ளயே இருக்குமே டாக்டர்?" இருக்கும், அசையாமல் ஓய்வெடுக்கும்போது. இதயத் துடிப்பைக் குறைத்து, உள்ளே சேர்த்து வைத்த ஆக்சிஜனைச் சிக்கனமாகச் செலவழிக்கும். பயந்து போராடும்போது அந்தச் சேமிப்பு கரைந்துவிடும். நோயுள்ள நுரையீரலில் சேமிப்பதற்கே இடம் இருக்காது.

அடுத்தது, "தண்ணி இல்லாம தவிக்குது பாவம்." தவிக்கவில்லை. முட்டையிட வரும் ஆரோக்கியமான தாய் ஆமை மணலேறி, குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மூடிவிட்டுத் திரும்ப ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அவ்வளவு நேரமும் உலர்ந்த மணலில்தான் இருக்கிறது. நிழல் மட்டும் இருந்தால், நீங்கள் தொலைபேசியில் ஆளைப் பிடித்து நாங்கள் வண்டியோடு வந்து சேரும் வரை நோயாளி ஆமையும் தாங்கும். கண்ணில் நீர் வழிவதைப் பார்த்து அழுகிறது என்று நீங்களும் அழ வேண்டாம். கண்ணருகே உள்ள உப்புச் சுரப்பி உடம்பின் அதிகப்படி உப்பை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான்.

"வழி தவறி வந்த ஆமை" என்று தலைப்புப் போடும் செய்திகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். புவியின் காந்தப்புலத்தை வாசித்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி, தான் பொரிந்த கரைப்பகுதியைத் தேடி வந்து முட்டையிடும் பிராணி இது. வழி தவறுவது நாம்தான்.

அப்படியென்றால் கரையில் இருக்கும் எல்லா ஆமையும் நோயாளியா? இல்லை. பெரும்பாலும் இரவில் வரும் தாய் ஆமை நோயாளி இல்லை. தடம் பதித்து நேராக மேலேறும், வேலை முடிந்ததும் தானே திரும்பும். டார்ச், ஃப்ளாஷ் எதுவும் இல்லாமல் விலகி நின்றால் போதும். சிற்றாமைகள் (ஆலிவ் ரிட்லி என்னும் இனம், குஞ்சுகள் அல்ல) ஆயிரக்கணக்கில் கூடி வரும் கோஸ்டா ரிக்காவின் ஓஸ்தியோனால் போன்ற கரைகளில் முட்டையிடுவது பகலிலும் நீளும். ஹவாயில் பேராமைகள் வெயில் காயவே கரையேறும். இந்த விதிவிலக்குகள் தவிர, பட்டப்பகலில் அலையோரத்தில் தலை தொங்கிக் கிடக்கும் ஆமையை நோயாளி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வாலையும் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு வால் ஓட்டைத் தாண்டி நீளமாக இருக்கும். வெயில் காயும் கரைகளைத் தவிர்த்தால், பொரிந்து கடலுக்குப் போன ஆண் வாழ்நாளில் மறுபடி தரையேறத் தேவையே இல்லை. ஆகவே நீண்ட வாலோடு ஒன்று மணலில் கிடந்தால் எனக்கு மேலே எதுவும் விளக்க வேண்டாம், வண்டியை எடுத்துவிடுவேன்.

ஓடு முழுக்கக் கொட்டலசு (பாறையிலும் படகிலும் ஒட்டிக்கொள்ளும் சிப்பி போன்ற உயிர்) அப்பியிருக்கிறதா? அது நெடுநாளாகச் சோர்ந்து மிதந்ததற்கு அடையாளம். அதைப் பாவம் என்று கத்தியால் பெயர்த்து எடுக்கிறார்கள். செதிலோடு சேர்ந்து பிய்ந்து வருகிறது. அந்த வேலையை எங்களிடம் விடுங்கள். நாங்கள் நன்னீரில் வைத்துத்தான் உதிரச் செய்வோம்.

கரைக்கே வராமல் கடலில் மிதப்பவை வேறு ரகம். பின்பக்கம் மட்டும் மேலே தூக்கிக்கொண்டு, முக்கி முக்கியும் அமிழ முடியாமல் தத்தளிக்கும். பிளாஸ்டிக் அடைத்துக் குடலில் வாயு சேர்ந்திருக்கும், அல்லது படகு மோதி நுரையீரல் கிழிந்து காற்று உடற்குழிக்குள் கசிந்திருக்கும். ஆமையின் நுரையீரல் முதுகோட்டின் உட்புறத்தை ஒட்டியே இருப்பதால், ஓட்டில் விழும் அடி நேராக அங்கேதான் இறங்குகிறது. அமிழ முடியாத ஆமைக்கு இரை கிடைக்காது, அடுத்த படகிடமிருந்து தப்பவும் வழியில்லை. "ஜாலியா மிதந்துக்கிட்டு இருந்துச்சு" என்று ஒருவர் சொன்னார். இல்லை சார், அது பட்டினியில் இருந்தது.

பிளாஸ்டிக்கைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஒன்றே ஒன்று. ஆமையின் உணவுக்குழாய்க்குள் பின்னோக்கிச் சாய்ந்த முட்கள் வரிசையாக இருக்கும். விழுங்கிய கடல்நீரை வெளியேற்றும்போது இரை நழுவாமல் பிடிக்க இயற்கை செய்த ஏற்பாடு. ஜெல்லிமீனுக்கு அருமையான ஏற்பாடுதான். வாய்க்குள் போனது பாலித்தீன் பை என்றால் ஆமையே நினைத்தாலும் துப்ப முடியாது.

சரி, ஆமையைப் பார்த்தால் என்னதான் செய்வது? முதலில் கூட்டத்தை விலக்குங்கள், நாய்களைத் துரத்துங்கள். வெயில் படாமல் நிழல் கொடுங்கள். குடை போதும். ஓட்டின் மேல் ஈரத் துணி போடலாம், மூக்கை மூடக்கூடாது. நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் ஓட்டின் முன்னும் பின்னும் பிடித்துத் தூக்குங்கள். துடுப்பைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் கழன்றுவிடும் (மேலே படித்தீர்கள்). மல்லாக்கப் போடாதீர்கள், குடலும் ஈரலும் நுரையீரல் மேல் ஏறி அழுத்தும். வாயில் மீனைத் திணிக்காதீர்கள். தொட்டியிலோ குட்டையிலோ விடாதீர்கள். மிகவும் சோர்ந்து வருவதை நாங்களே முதலில் ஈர மெத்தையில்தான் கிடத்துகிறோம், தலை தூக்கும் தெம்பு வந்த பிறகுதான் தொட்டி. கழுத்தில் தூண்டில் நரம்பு தொங்கினால் இழுக்காதீர்கள். மறுமுனை குடலுக்குள் இருக்கலாம், இழுத்தால் குடல் அறுந்துவிடும். வனத்துறைக்கோ கடல் உயிரின மீட்புக் குழுவுக்கோ சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள். அலைபேசியை அதற்குத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

இனி மீனவர்களிடம் ஒரு வேண்டுகோள், கைகூப்பித்தான். வலையில் ஏறிய ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று கடலில் எறிந்துவிடாதீர்கள். மூழ்கிய ஆமை மயக்கத்தில் இருக்கும்போது பிணம் போலவே தெரியும். மூச்சு இருக்காது, துடிப்பு கைக்குத் தட்டாது. குப்புறவே கிடத்தி, பின்பக்கத்தை அரை அடி உயரத்துக்கு முட்டுக்கொடுத்து, நிழலில் ஈரம் காயாமல் வையுங்கள். நுரையீரலில் புகுந்த நீர் வடியட்டும். அவ்வப்போது கண்ணிமையையும் வாலையும் லேசாகத் தொட்டுப் பாருங்கள், சிலிர்ப்பு தெரியும். 4 மணி நேரத்தில் எழுந்ததும் உண்டு, 24 மணி நேரம் எடுத்துக்கொண்டதும் உண்டு. நன்றாக அசையத் தொடங்கிய பிறகு, இயந்திரத்தை நியூட்ரலில் வைத்து, வலை இல்லாத பக்கமாக மெல்ல இறக்குங்கள்.

காயமே இல்லாமல் கரை ஒதுங்கும் ஆமைகளைப் பார்த்து "வயசாகிச் செத்திருக்கும்" என்கிறார்கள். அறுத்துப் பார்ப்பவன் நான். கொழுப்பு பொதிந்த உடம்பு, வயிறு நிறையப் புதிய இரை, பெண்ணென்றால் கருக்குழாயில் ஓடு கட்டிய முட்டைகள், நுரையீரலில் நுரை. முட்டையோடு எந்தக் கிழவி சாகிறாள்? வலைக்குள் மூச்சுமுட்டியது அது. 2025 ஜனவரியில் சென்னைக் கடலோரத்தில் சில வாரங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றாமைகள் ஒதுங்கியபோதும் முதல் சந்தேகம் இழுவலைகள் மேல்தான் விழுந்தது.

உடனே மீனவர்களைத் திட்டக் கிளம்ப வேண்டாம். இழுவலையிலிருந்து ஆமை வெளியேற வழிவிடும் கம்பிச்சட்டத்துக்கு முன்னோடி ஒரு மீனவர்தான். 1960களில் அமெரிக்காவின் ஜார்ஜியாவைச் சேர்ந்த இறால் மீனவர் சிங்கி பூன், வலையை நிரப்பித் தொல்லை கொடுத்த ஜெல்லிமீன்களைக் கழிக்க ஒரு சட்டம் செய்தார். ஜெல்லிமீனைக் கழித்த அதே சட்டம் ஆமையையும் கழித்தது. சரியாகப் பொருத்தினால் வலைக்குள் வரும் ஆமைகளில் 97 விழுக்காடு தப்பிவிடும் என்பது அமெரிக்க மீன்வளத் துறையின் கணக்கு. இறால் குறைந்துவிடும் என்ற பயம் புரிகிறது. அந்த நட்டத்தை மீனவர் தலையில் மட்டும் கட்டாமல் அரசும் ஏற்றுமதியாளரும் பங்குபோட்டுக்கொண்டால் பாதி சண்டை தீரும். இது என் சொந்தக் கருத்து.

ஏன் வளர்ந்த ஆமை மேலேயே நிற்கிறேன் என்றால் காரணம் உண்டு. ஆமைப் பாதுகாப்பு என்றாலே குஞ்சுகளைக் கடலில் விடும் படம்தான் எல்லோருக்கும் நினைவு வரும். 1987இல் டெபோரா குரூஸ், லாரி கிரவுடர், ஹால் காஸ்வெல் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் பெருந்தலை ஆமை என்ற கடலாமை இனத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். முட்டைகள் ஒன்றுவிடாமல் பொரிந்தால்கூட எண்ணிக்கைச் சரிவு நிற்காது, வளர்ந்துவரும் பெரிய ஆமைகள் சாகாமல் இருந்தால்தான் நிற்கும் என்று வந்தது. பேராமை முட்டையிடும் வயதுக்கு வர 25 ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். இழுத்துப்போய்த் தள்ளினார்களே, அது அந்த வயதை எட்டிய ஆமை.

குஞ்சுகள் விஷயத்தில் சொல்ல அதிகம் இல்லை. வாளியில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பொரிந்த கையோடு இடைவிடாமல் ஆழ்கடலுக்கு நீந்த, வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருதான் அதற்குக் கட்டுச்சோறு. உங்கள் வாளியில் சுற்றிச் சுற்றி நீந்தியே அதைத் தீர்த்துவிடும். கரையோர விளக்குகளை அணையுங்கள், குஞ்சு வெளிச்சத்தை நோக்கித்தான் போகும். முட்டைகளைத் தோண்டாதீர்கள். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும், புரட்டினால் செத்துவிடும்.

ஆமை ரத்தமும் கறியும் மருந்து என்று நம்புகிறவர்களுக்கு: 2024 மார்ச்சில் தான்சானியாவின் பெம்பா தீவில் கடலாமைக் கறி தின்ற ஒன்பது பேர் இறந்தார்கள், அதில் எட்டுப் பேர் குழந்தைகள். கறியில் இருந்த அந்த நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது, சமைத்தாலும் போகாது.

2025 அக்டோபரில் பேராமையை ஐயூசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) அமைப்பு ஆபத்துப் பட்டியலிலிருந்து கீழிறக்கியதைக் காட்டி, "இனிமே கவலை இல்லையே" என்று ஒருவர் கேட்டார். சந்தோஷம்தான், பல பத்தாண்டு உழைப்பு அது. ஆனால் அழுங்காமை, கெம்ப் ரிட்லி ஆகிய கடலாமை இனங்கள் இன்னும் அழிவின் விளிம்பில்தான் நிற்கின்றன. கரையில் கிடப்பது எந்த இனம் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு உங்களுக்கு வேண்டாம்.

எங்களைக் கூப்பிடும்போது இடத்தைச் சொல்லுங்கள், மூச்சுக்காகத் தலையைத் தூக்குகிறதா என்று சொல்லுங்கள். படம் அனுப்புவதானால் முகத்தை மட்டும் எடுக்காதீர்கள். மேலிருந்து ஓடு முழுதும் ஒன்று, பின்னாலிருந்து வால் தெரிகிற மாதிரி ஒன்று. செல்ஃபி எனக்கு எதற்கும் உதவாது.