ஷோ டேபிள்ஸில் இருக்கிறது, குவெரியில் இல்லை: விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறும்போது

"லாகின் ஆகுது சார், ஃபீஸ் பக்கம்தான் வரமாட்டேங்குது." பள்ளி அலுவலகத்திலிருந்து காலை ஒன்பது மணிக்கு போன். முந்தைய இரவுதான் அவர்களுடைய கட்டண மென்பொருளை விண்டோஸ் கணினியிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு மாற்றியிருந்தேன். இரண்டு பக்கமும் தகவல்களைச் சேமிப்பது மைஎஸ்க்யூஎல் 8.0 என்ற டேட்டாபேஸ் மென்பொருள். டம்ப் (டேட்டாபேஸை ஒரு கோப்பாக எழுதிய நகல்) எடுத்தேன், ஏற்றினேன், ஒரு எரர்கூட இல்லை. லாகின் செய்து பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

லாகைத் திறந்தால் எரர் 1146. மென்பொருள் அனுப்பிய குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் வரி, தேடுகிற 'ஸ்டூடண்ட்_ஃபீஸ்' என்ற டேபிளே இல்லையாம். டேபிள்களைப் பட்டியலிடும் ஷோ டேபிள்ஸ் கட்டளையைக் கொடுத்தால் கண்முன்னால் இருக்கிறது! அனுமதிக் கோளாறோ என்று அனுமதி தரும் கிராண்ட் கட்டளையை மறுபடி கொடுத்தேன், டம்ப்பை இன்னொரு முறை ஏற்றினேன். முக்கால் மணி நேரம் வீணான பிறகுதான் பார்த்தேன்: மென்பொருளின் கோடில் எஸ்ஸும் எஃப்பும் கேப்பிட்டல் லெட்டர், சர்வரில் எல்லாமே ஸ்மால். 'யூசர்ஸ்' டேபிளை மட்டும் கோடிலும் ஸ்மாலிலேயே எழுதியிருந்ததால் லாகின் தப்பித்தது. எழுத்தில் இந்தப் பேதமே இல்லாத தமிழில் வளர்ந்த கண்ணுக்கு இது சட்டென்று படாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு டேட்டாபேஸையும் ஒரு ஃபோல்டராகவும், டேபிள்களை அதற்குள் கோப்புகளாகவும் வைக்கிறது. அதனால் பெயர் விஷயத்தில் கோப்பு முறைமையின் குணம் டேபிளுக்கும் வந்துவிடுகிறது. இதை ஆள்வது 'லோயர்_கேஸ்_டேபிள்_நேம்ஸ்' என்ற அமைப்பு. லினக்ஸில் அதன் இயல்பு மதிப்பு 0: எழுதியது எழுதியபடி, கேப்பிட்டலும் ஸ்மாலும் வேறு வேறு. விண்டோஸில் 1: நீங்கள் எப்படி எழுதினாலும் ஸ்மாலாக்கித்தான் சேமிக்கும். மேக்கில் 2: எழுதியபடி சேமிக்கும், ஆனால் ஒப்பிடும்போது பேதம் பார்க்காது. ஆக, விண்டோஸில் எடுத்த டம்ப்பிலேயே பெயர்கள் ஸ்மாலாகிவிட்டன. டம்ப்பில் தவறே இல்லை, எங்கள் கோட்தான் இத்தனை வருடமும் விண்டோஸின் தயவில் ஓடியிருக்கிறது.

அடுத்து நான் செய்தது பலரும் செய்கிற தப்பு. கான்ஃபிக் கோப்பில் மதிப்பை 1 என்று மாற்றி சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். சர்வரே எழவில்லை. சர்வரின் அமைப்பும், டேபிள் விவரங்களை மைஎஸ்க்யூஎல் தன்னுள் குறித்து வைக்கும் டேட்டா டிக்‌ஷனரியின் அமைப்பும் ஒத்துப்போகவில்லை என்று லாகில் ஒரு வரி. 8.0-இலிருந்து இந்த மதிப்பை தகவல்கள் எல்லாம் இருக்கும் டேட்டா டைரக்டரியை முதன்முதலில் உருவாக்கும்போது மட்டுமே தரமுடியும். மென்பொருளைத் தனிப் பெட்டிபோல ஓட்டும் டாக்கரிலும் அதே கதைதான்: தகவல் சேமிக்கும் வால்யூம் காலியாக இருக்கும்போது முதல் முறை கொடுத்தால்தான் உண்டு. அமேசானின் வாடகை டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் இன்ஸ்டன்ஸ் (ஒரு சர்வர்) உருவாக்கும் முன்பே பாராமீட்டர் குரூப் என்ற அமைப்புத் தொகுப்பில் போட்டிருக்க வேண்டும். மதிப்பைப் பழையபடி 0 ஆக்கியதும் சர்வர் எழுந்தது. டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டுப் புதிதாக 1 போட்டு ஆரம்பிக்கலாம்தான். ஆனால் அதே சர்வரில் வேறு இரண்டு டேட்டாபேஸ்களும் இருந்தன, துணியவில்லை.

மென்பொருளின் கோடையே திருத்தினேன். டேபிள் பெயர்களை எல்லாம் தேடி ஸ்மால் லெட்டராக்கினேன். டேபிளுக்குள் இருக்கும் நெடுவரிசைகளின் பெயர்களைத் தொட வேண்டியதில்லை, அவற்றுக்கு எந்த இயங்குதளத்திலும் பேதம் கிடையாது. ஆனால் குவெரிக்குள் டேபிளுக்கு வைக்கும் சுருக்கப் பெயரான ஏலியஸுக்கு லினக்ஸில் உண்டு. ஃப்ரம் பகுதியில் சின்ன 'எஸ்' என்று ஏலியஸ் வைத்துவிட்டு நிபந்தனை சொல்லும் 'வேர்' பகுதியில் பெரிய 'எஸ்' போட்டிருந்த குவெரிகள் நாலைந்து இருந்தன. அவற்றுக்கு எரர் 1054, தெரியாத நெடுவரிசை என்று வரும். அந்தச் செய்தியை நம்பி நெடுவரிசையைத் தேடிக்கொண்டிருந்தால் நாள் முழுக்கத் தேடலாம்.

மதியத்துக்குள் எல்லாம் சரி. மூன்று வாரம் கழித்து, மாதக் கடைசி வசூல் அறிக்கை எரரில் விழுந்தது. அது ஒரு ஸ்டோர்டு புரொசீஜர், அதாவது டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்து வைத்து வேண்டும்போது கூப்பிடும் குவெரித் தொகுப்பு. டேபிள் பெயர்களை ஸ்மாலாக்கும் விண்டோஸ் சர்வர், புரொசீஜருக்குள் எழுதிய வரிகளை அப்படியே விட்டுவிடும். புரொசீஜரை உருவாக்கும்போது உள்ளே இருக்கும் டேபிள் உண்மையில் இருக்கிறதா என்றும் மைஎஸ்க்யூஎல் பார்ப்பதில்லை. அதனால் டம்ப் சத்தமில்லாமல் ஏறிவிட்டது, கூப்பிட்டபோதுதான் உடைந்தது. இப்போதெல்லாம் மாற்றிய கையோடு ஒவ்வொரு புரொசீஜரையும், டேபிள் மாறும்போது தானே ஓடும் ஒவ்வொரு டிரிகரையும் ஒரு முறையாவது ஓட்டிப் பார்த்துவிடுகிறேன்.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போவது இதைவிட மோசம். லினக்ஸில் பெரிய 'ஓ'வில் ஒரு 'ஆர்டர்ஸ்', சின்ன 'ஓ'வில் இன்னொரு 'ஆர்டர்ஸ்' என்று இரண்டு டேபிள்கள் அருகருகே இருக்கலாம். டம்ப் எடுக்கும் கருவியான மைஎஸ்க்யூஎல்டம்ப் வழக்கமாக ஒவ்வொரு டேபிளுக்கும் முன்னால் 'இருந்தால் நீக்கு' என்று ஒரு டிராப் கட்டளை போடும். விண்டோஸில் ஏற்றும்போது இரண்டாவது டேபிளின் அந்தக் கட்டளை, சற்று முன் ஏற்றிய முதல் டேபிளைத் தூக்கிவிடும். எரர் வராது. எல்லா டேபிள்களின் பட்டியலும் இருக்கும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் டேபிள் பெயர்களை ஸ்மாலாக்கி, ஸ்கீமாவோடு (டேட்டாபேஸ் பெயரோடு) சேர்த்து குரூப் செய்து, ஒன்றுக்கு மேல் வருபவற்றைக் கேளுங்கள். ஒரு பெயர் சிக்கினாலும், டம்ப் எடுக்கும் முன் லினக்ஸிலேயே அதை மாற்றிவிட வேண்டும்.