இல்லாத ஒருவரை மூளை கற்றுக்கொள்வது எப்படி

2020 ஜனவரி 12 அன்று, டக்கார் ராலி என்ற பல நாள் நெடுந்தொலைவு வாகனப் பந்தயத்தின் ஏழாவது கட்டத்தில், மோட்டார் சைக்கிள் வீரர்கள் சவூதி அரேபியாவின் ரியாத்திலிருந்து வாதி அத் தவாசிரை நோக்கிப் பாலைவனத்தில் விரைந்துகொண்டிருந்தனர். 276ஆவது கிலோமீட்டரில் ஒருவர் விழுந்துவிட்டார் என்ற எச்சரிக்கை, காலை 10.08 மணிக்கு அமைப்பாளர்களுக்குக் கிடைத்தது. 10.16 மணிக்கு மருத்துவர் ஹெலிகாப்டரில் வந்து சேர்ந்தபோது, அந்த வீரர் நினைவிழந்து, இதயம் நின்ற நிலையில் கிடந்தார். அங்கேயே உயிர்மீட்பு முயற்சிகள் நடந்தன. பிறகு அவர் லைலா நகர மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே மரணம் உறுதி செய்யப்பட்டது. இறந்தவர் போர்ச்சுகலைச் சேர்ந்த பாவ்லோ கொன்சால்வஸ். வயது 40. 2013இல் நெடுந்தொலைவு ராலிப் பிரிவின் உலக சாம்பியன் பட்டத்தை வென்றவர். 2015 டக்காரில் இரண்டாம் இடம் பெற்றவர். அது அவருக்குப் பதின்மூன்றாவது டக்கார்.

மறுநாள் நடக்கவிருந்த எட்டாவது கட்டம், மோட்டார் சைக்கிள் பிரிவுக்கும், குவாட் எனப்படும் நான்கு சக்கர மோட்டார் சைக்கிள் பிரிவுக்கும் ரத்து செய்யப்பட்டது. அவர் சார்ந்திருந்த ஹீரோ மோட்டோஸ்போர்ட்ஸ் அணி பந்தயத்திலிருந்து விலகிக்கொண்டது. அதற்கடுத்த நாள் மற்ற வீரர்கள் மீண்டும் வண்டியேறிப் புறப்பட்டார்கள். ஒரு நாள் நிறுத்தம், பிறகு மீண்டும் ஓட்டம் என்ற இந்த வரிசையை அப்போது பலவிதமாகப் பார்த்தார்கள். அதை வெறும் மரியாதைச் சடங்கு என்று ஒதுக்கவும் முடியாது, மறுபடி ஓடியதை இரக்கமின்மை என்று தள்ளவும் முடியாது. துயரம் மனித மூளையிலும் உடலிலும் எவ்வாறு இயங்குகிறது என்று கடந்த சில பத்தாண்டுகளில் நாம் அறிந்துகொண்டவற்றை வைத்துப் பார்த்தால், அந்த இரண்டுமே பொருள் உள்ள செயல்களாகத் தெரிகின்றன.

கொன்சால்வஸை வீரர்கள் ஏன் அவ்வளவு நேசித்தார்கள் என்பதிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனெனில் துயரத்தின் ஆழம் பிணைப்பின் ஆழத்தைப் பொறுத்தது. 2016 டக்காரில், முன்னணிப் போட்டியாளராக இருந்த நிலையிலும், விழுந்து தொடை எலும்பு முறிந்து கிடந்த ஆஸ்திரிய வீரர் மத்தியாஸ் வால்க்னரைக் கண்டு வண்டியை நிறுத்தி, மருத்துவ உதவி வரும்வரை அவருடன் இருந்தார். 2020இல் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், இயந்திரம் பழுதாகிப் பாலைவனத்தில் நின்றுவிட்ட வண்டிக்கு அங்கேயே வேறு இயந்திரத்தைப் பொருத்தி, வெற்றி வாய்ப்பு முழுவதும் பறிபோன பின்னும் ஓட்டத்தைத் தொடர்ந்தார். பாலைவன ராலியில் எதிரே போட்டியிடுபவரே முதலுதவியாளரும் ஆகிறார். ஹெலிகாப்டர் வந்து சேரும்வரை விழுந்தவருக்குத் துணை, அடுத்து அந்த வழியே வரும் போட்டியாளர்தான். கொன்சால்வஸ் விழுந்தபோது அப்படி நின்றவர்களில் ஒருவர், டக்காரை இருமுறை வென்ற ஆஸ்திரேலியர் டோபி பிரைஸ். உயிரை ஒருவரிடம் ஒப்படைக்க முடியும் என்ற நம்பிக்கை ஆண்டுதோறும் உறுதிப்படும் இடத்தில், உறவினர்களுக்கு இடையே உருவாவதைப் போன்ற பிணைப்பே உருவாகிறது. மூளை அந்தப் பிணைப்பை நட்பு என்றோ தொழில் என்றோ வகைபிரித்துக் குறைத்து மதிப்பிடுவதில்லை.

பிணைப்பு என்பது, மூளையின் பார்வையில், பெரும்பாலும் ஓர் எதிர்பார்ப்பு. நமக்கு நெருக்கமான ஒருவர் எங்கே இருப்பார், எப்போது வருவார், நாம் அழைத்தால் எப்படிப் பதில் சொல்வார் என்பவற்றை மூளை ஓயாமல் கணித்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கணிப்பு ஒரே நாளில் உருவானதன்று. ஆயிரக்கணக்கான சந்திப்புகளால் படிப்படியாகச் செதுக்கப்பட்டது. ஆகவே அது ஒரே செய்தியால் அழிந்துவிடுவதும் இல்லை. இறந்துவிட்டார் என்ற தகவலை நினைவு உடனே பதிந்துகொள்கிறது. ஆனால் மாலையில் முகாமில் அவர் வழக்கமாக வண்டியை நிறுத்தும் இடத்தைக் கடக்கும் சக வீரரின் கண், அவரைத் தேடத்தான் செய்யும். இருட்டில் மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருப்பதாக எண்ணிக் கால் வைத்துத் தடுமாறுவதைப் போன்றது அது. அறிவு ஒன்றைச் சொல்கிறது, பழகிய உடல் வேறொன்றை எதிர்பார்க்கிறது.

இந்த எதிர்பார்ப்புக்கு நரம்பணு அளவிலேயே சான்று உண்டு. நார்வேயில் எட்வர்ட் மோசர், மே-பிரிட் மோசர் இணையரின் ஆய்வகத்திலிருந்து 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எலிகள் உலவும் பெட்டிக்குள் ஒரு பொருளை வைத்தார்கள். பிறகு அதை அகற்றினார்கள். நினைவைப் பதியும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸுக்கு அருகே உள்ள எண்டோரைனல் புறணியின் சில நரம்பணுக்கள், அந்தப் பொருள் இருந்தபோது பெரிதாக எதுவும் செய்யவில்லை. அது அகற்றப்பட்ட பின்பு, எலி அந்த வெற்றிடத்தை நெருங்கும்போதெல்லாம் துடித்தெழுந்தன. இங்கே ஒன்று இருந்தது, இப்போது இல்லை என்பதை அறிவிப்பதே அவற்றின் வேலை. இந்தத் தடயம் சில நாட்கள் வரையிலும் நீடித்தது. எலியின் பெட்டியிலிருந்து மனிதத் துயரத்துக்கு நேர்கோடு போட்டுவிட முடியாது என்பது உண்மையே. ஆயினும் இல்லாமை என்பது மூளைக்கு வெறுமை அன்று, அதுவும் ஒரு செய்திதான் என்று அந்த ஆய்வு காட்டியபோது, துயரத்தை ஆராய்வோர் அதை மிகுந்த ஆர்வத்துடன் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

எனவே துயரத்தை ஒரு கற்றல் என்று கொள்வது இன்றைய நரம்பியலில் வலுப்பெற்று வரும் பார்வை. கணிப்பு ஒவ்வொரு முறை பொய்க்கும்போதும் மூளை சிறிது திருத்திக்கொள்கிறது. அந்தத் திருத்தத்துக்கு நேரம் வேண்டும், அதைவிட முக்கியமாக அனுபவம் வேண்டும். அவர் இல்லாத முதல் மாலை, அவர் இல்லாத முதல் தொடக்கக் கோடு, அவர் இல்லாத அடுத்த ஆண்டின் பந்தயம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கடந்தாக வேண்டும். "காலம் ஆற்றும்" என்ற பேச்சில் குறை காண வேண்டியது இங்கேதான்: வெறுமனே கழியும் காலம் அதிகம் எதையும் ஆற்றுவதில்லை, அந்தக் காலத்துக்குள் நடக்கும் கற்றலே ஆற்றுகிறது.

இதற்கிடையில் உடல் தன் பங்குக்குக் கொந்தளிக்கிறது. அதிர்ச்சிச் செய்தி வந்ததும் அட்ரினலின் சுரந்து இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு கூடுகிறது. தூக்கம் துண்டு துண்டாகிறது. கவனம் இழப்பையே சுற்றிச் சுற்றி வருகிறது. 2012இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மாரடைப்புக்கு ஆளாகிப் பிழைத்த ஏறத்தாழ 2,000 பேரை ஆராய்ந்து, நெருக்கமான ஒருவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு வழக்கத்தைவிட 21 மடங்கு உயர்ந்திருந்ததைக் கண்டது. இளமையும் நல்ல உடல்நிலையும் உள்ள ஒருவருக்கு அடிப்படை வாய்ப்பே மிகச் சிறியது என்பதால், பெருக்கிய பின்னும் அது சிறியதாகவே இருக்கும். ஆனால் அந்த எண், துயரம் மனத்தோடு நின்றுவிடும் ஒன்றன்று என்பதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. கடும் உணர்ச்சி அதிர்ச்சியால் இதயத்தின் இடது கீழறை தற்காலிகமாக உப்பிச் செயல் குன்றும் டாகொட்சுபோ என்ற நிலையை ஜப்பானிய மருத்துவர்கள் 1990களின் தொடக்கத்திலேயே விவரித்திருக்கிறார்கள்.

இந்த நிலையிலுள்ள ஒருவரை 450 சிசி வண்டியில் ஏற்றி, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில், முன்பின் பார்த்திராத மணல்மேடுகளுக்கு இடையே, வழிக்குறிப்பைப் படித்துக்கொண்டே ஓட்டச் சொல்வது எத்தகையது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பாலைவன ராலி முழுக்க முழுக்கக் கவனத்தின் விளையாட்டு. நிழல் விழாத நண்பகலில் மேட்டின் விளிம்பு கண்ணுக்குத் தட்டுப்படாது. குறிப்பில் உள்ள ஓர் ஆபத்துக் குறியைத் தவறவிட்டால் போதும். தூங்காத கண்களும் இழப்பையே சுற்றும் கவனமும் அங்கே எமனுக்கு வழிவிடும். எட்டாவது கட்டத்தை ரத்து செய்தது இரங்கலுக்காக என்றே அறிவிக்கப்பட்டது. உடலியல் அறிவைக் கொண்டு பார்த்தாலும் அதைவிடச் சரியான முடிவை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

அப்படியானால் அடுத்த நாளே அவர்கள் எப்படி ஓட்ட முடிந்தது? துயரம் ஐந்து படிநிலைகளாக, மறுப்பில் தொடங்கி ஏற்பில் முடியும் என்ற கருத்தே பலர் மனத்தில் நிலைத்திருக்கிறது. எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் அதை முன்வைத்தபோது, தம் மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றியே பேசினார். பிரிந்தவர்களுக்காக வருந்துவோரிடம் அந்த வரிசை ஒழுங்காக நிகழ்வதில்லை. மார்கரெட் ஸ்ட்ரோபா, ஹெங்க் ஸ்கூட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999இல் முன்வைத்த விளக்கம் உண்மைக்கு நெருக்கமானது. துயருறுபவர் இரு திசைகளுக்கு இடையே ஊசலாடுகிறார் என்கிறார்கள் அவர்கள். ஒரு திசையில் இழப்பு: அழுகை, ஏக்கம், நினைவுகள். மறு திசையில் வாழ்க்கை: வேலை, பொறுப்பு, புதிய ஏற்பாடுகள். ஒன்றிலேயே தங்கிவிடாமல் மாறி மாறிச் செல்வதே ஆரோக்கியமான துயரத்தின் இயல்பு. காலையில் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு புறப்பட்டவர், மாலையில் முகாமில் குலுங்கி அழுதால் இரண்டில் எதுவும் நடிப்பாகாது. விலகிச் சென்ற ஹீரோ அணியின் துயரத்தையும், தொடர்ந்து ஓடியவர்களின் துயரத்தையும் ஒரே தராசில் வைத்து எடைபோடுவது தவறு.

அவரை நேரில் ஒருமுறைகூடச் சந்திக்காத ரசிகர்களின் துயரம் தனியாகக் கவனிக்க வேண்டியது. ஊடகங்களில் தொடர்ந்து காணும் ஒருவரோடு பார்வையாளருக்கு உண்டாகும் ஒருதலை உறவை, டொனால்ட் ஹோர்டன், ரிச்சர்ட் வோல் ஆகிய இருவரும் 1956இலேயே ஆராய்ந்து எழுதினார்கள். முகத்தையும் குரலையும் பழக்கங்களையும் கற்கும் மூளைப் பகுதிகளுக்கு, அந்த முகம் திரையில் வந்ததா எதிரே வந்ததா என்பது பெரிய வேறுபாடு அன்று. ஆண்டுதோறும் ஜனவரியில் ஒருவரைப் பின்தொடர்ந்து, அவர் விழுந்தபோது பதறி, எழுந்தபோது மகிழ்ந்தவருக்கு, கணிப்பும் பிணைப்பும் உண்மையாகவே உருவாகிவிடுகின்றன. அவர் இறக்கும்போது அந்தக் கணிப்பும் உண்மையாகவே உடைகிறது. ஆனால் இந்தத் துயரத்துக்குச் சுற்றியிருப்போரிடம் இடம் இருப்பதில்லை. "உனக்கு அவர் யார்?" என்ற கேள்விக்கு விடையில்லாமல் அந்த ரசிகர் வாயை மூடிக்கொள்கிறார். சமூகம் அங்கீகரிக்காத இத்தகைய துயரத்தைக் கென்னத் டோகா 1980களின் இறுதியில் விரிவாக விளக்கினார். ஏற்பு இல்லாத துயரம் ஆறுதலும் இல்லாமல் போவதால் கூடுதலாக நீள்கிறது. அந்த வருத்தத்தை வெட்கமின்றிச் சொல்லிக்கொள்ள ரசிகர்களுக்கு முழு உரிமை உண்டு.

பந்தய மரணத்துக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலும் உண்டு. "பிடித்ததைச் செய்துகொண்டிருக்கும்போதே போய்விட்டார்" என்று ஆறுதல் சொல்வார்கள். சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் கேட்பவரின் மூளை அந்நேரம் வேறொரு வேலையில் மூழ்கியிருக்கிறது. எதிர்பாராத மரணத்துக்குப் பின், அது நடக்காமல் போயிருக்கக்கூடிய வழிகளை மனம் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கிறது: அந்த மேட்டில் சற்று மெதுவாக ஏறியிருந்தால், அன்று காலை அவர் புறப்படாமல் இருந்திருந்தால். தவறிலிருந்து பாடம் கற்க உதவும் அதே ஆற்றல்தான் இங்கே திருத்த முடியாத ஒன்றைத் திருத்த முயன்று சுழல்கிறது. அவராகவே விரும்பி ஏற்ற ஆபத்து என்பதால் இந்தச் சுழற்சி கூர்மையாகிறது. துயரத்தோடு சிலருக்கு இறந்தவர்மீதே கோபமும், கோபப்பட்டதற்காகக் குற்ற உணர்வும் கலக்கின்றன. அவர்களுக்கு உதவுவது, அந்த "இருந்தால்"களை ஒருவர் மறுக்காமல் கேட்டுக்கொள்வதே.

துயரம் முடிவதற்கு இறந்தவரை விட்டுவிட வேண்டும் என்று உளவியல் நெடுங்காலம் நம்பியது. 1996இல் டென்னிஸ் கிளாஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதைக் கேள்விக்குள்ளாக்கி, பெரும்பாலோர் இறந்தவருடனான உறவை முறித்துக்கொள்வதில்லை, அதற்கு வேறு வடிவம் கொடுக்கிறார்கள் என்று காட்டினர். கொன்சால்வஸின் மைத்துனர் ஜோகிம் ரோட்ரிகஸ் அதே ஹீரோ அணியின் வீரர். 2020 டக்காரில் அவரோடு சேர்ந்து ஓடியவர். குடும்பத்தையும் அணியையும் ஒரே நாளில் தாக்கிய அந்த மரணத்துக்குப் பின்னும் அவர் டக்காருக்குத் திரும்பினார். 2022இல் மூன்றாவது கட்டத்தை வென்று, அந்த அணிக்கு டக்காரில் முதல் கட்ட வெற்றியைப் பெற்றுத் தந்தார். மறந்ததால் வந்த வெற்றி அன்று அது. நினைவைச் சுமந்துகொண்டே இயங்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எல்லோருக்கும் இந்தக் கற்றல் சீராக நடந்துவிடுவதில்லை. மேரி-பிரான்சஸ் ஓ'கானரும் அவருடைய குழுவினரும் 2008இல், மார்பகப் புற்றுநோய்க்குத் தாயையோ சகோதரியையோ பறிகொடுத்த பெண்களின் மூளையை, இறந்தவரின் படத்தைக் காட்டி ஸ்கேன் செய்தார்கள். எல்லோரிடமும் வலி தொடர்பான பகுதிகள் செயல்பட்டன. துயரத்தில் தேங்கிவிட்டவர்களிடம் மட்டும், விருப்பத்தோடும் நாட்டத்தோடும் தொடர்புள்ள நியூக்ளியஸ் அக்கும்பன்ஸ் என்ற பகுதியும் விழித்தெழுந்தது. ஏக்கம் எவ்வளவு கூடியதோ அவ்வளவுக்கு அதன் செயல்பாடும் கூடியது. அவர்களின் மூளை இன்னமும் சந்திப்பை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, இழப்புக்குப் பின் ஆறு மாதங்களைக் கடந்தும் அன்றாட வாழ்வைக் குலைக்கும் தீவிரமான ஏக்கத்தை, நீடித்த துயரக் கோளாறு என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது; அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2022இல் பெரியவர்களுக்கு அதற்கு ஓராண்டு வரம்பை வைத்தது. திடீர் மரணங்களும் வன்முறையான மரணங்களும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. பந்தய மரணம் திடீரென்று வருவது. இதற்கென்றே உருவாக்கப்பட்ட உளச்சிகிச்சை இருக்கிறது. அதில், தவிர்த்து வந்த இடங்களுக்கும் நினைவுகளுக்கும் சிகிச்சையாளரின் துணையோடு சிறிது சிறிதாகத் திரும்புகிறார்கள்; மரணம் நிகழ்ந்த விதத்தை வாய்விட்டு மீண்டும் மீண்டும் சொல்கிறார்கள்; அத்துடன் இனி எதற்காக வாழ்வது என்ற கேள்விக்கும் விடை தேடுகிறார்கள். மனச்சோர்வுக்கான பொதுவான சிகிச்சையைவிட இது கூடுதல் பலன் தருவதை ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கணவரையோ சகோதரரையோ சக வீரரையோ பந்தயப் பாதையில் இழந்து, ஆண்டு கடந்தும் அந்த நாளிலேயே நின்றுகொண்டிருப்பவர், அதைத் தம் அன்பின் அளவு என்று எண்ணித் தனியாகத் தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. மருத்துவ உதவி கேட்கத் தகுந்த நிலைதான் அது.