உப்புக்காற்றின் மேல் மட்டும் பழிபோட முடியாது

கரையோரத்தில் இரும்பு துருப்பிடித்தால் நாம் காரணம் தேடி மெனக்கெடுவதில்லை. வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை எங்கு கேட்டாலும் ஒரே பதில்தான்: உப்புக்காற்று. யன்னல் கம்பிக்கும் கூரைத் தகரத்துக்கும் கல்லடியின் பழைய இரும்புப் பாலத்துக்கும் அந்தப் பதில் பொருந்தும். ஈரமும் உப்பும் ஒட்சிசனும் சேர்ந்து இரும்பை வெளியிலிருந்து தின்கின்றன. சுரண்டிப் பூச்சடித்தால் சில ஆண்டுகள் தாங்கும்.

ஆனால் ஐஸ் தொழிற்சாலையின் குளிர்நீர்க் குழாய் உட்புறத்திலிருந்து ஊசித்துளை விட்டு ஒழுகும்போதும், வெளியே பளிச்சென்று இருக்கும் தண்ணீர்த் தாங்கியின் அடித்தகடு திடீரெனப் பொத்துப்போகும்போதும், அதே பதிலைச் சொல்லி வெளிப்புறத்துக்கு இன்னொரு தடவை பூச்சடிப்பது வீண்செலவு. அங்கே இரும்பை அரிப்பதில் உயிருள்ள ஒன்றுக்கும் பங்கு இருக்கிறது. ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவேயுள்ள பற்றீரியாக்கள்தான் அவை.

ஒழுகிய குழாயை வெட்டி எடுத்து நீளவாக்கில் பிளந்து பார்த்தால் முதலில் வியப்பாக இருக்கும். பெரும்பகுதியில் குழாயின் தடிப்பு குறைந்திராது. சேதமெல்லாம் அடிப்பக்கத்தில், அழுக்குப் படிந்த இடத்தில், சுண்டுவிரல் நுனியளவு மேடுகளாக ஒதுங்கியிருக்கும். மேட்டின் வெளித்தோல் செம்பழுப்பு நிறத்தில் கடினமாக இருக்கும். கத்தி முனையால் நெம்பினால் புண்ணின் மேல் கட்டிய பொருக்குப்போலப் பெயர்ந்து வரும். உள்ளே கரிய, ஈரமான, களிபோன்ற ஒரு பசை; கூடவே அழுகிய முட்டை நாற்றம். அந்தப் பசையைக் கழுவிவிட்டால் கீழே பளபளக்கும் உலோகத்தில் ஒரு குழி, அந்தக் குழிக்குள் இன்னும் சிறு குழிகள். கழுவாமல் காற்றுப்பட விட்டுவைத்தால் கறுப்பு நிறம் சிறிது நேரத்தில் பழுப்பாக மாறத் தொடங்கும். ஆகவே பார்ப்பதானால் பிளந்த கையோடு பார்க்க வேண்டும். படமும் அப்போதே எடுக்க வேண்டும்.

இந்தக் கறுப்பு நமக்குப் புதியதல்ல. மட்டக்களப்பு வாவியின் கண்டல் ஓரத்தில் கால் புதையும்போது மேலே கிளம்பும் சேற்றின் நிறமும் நாற்றமும் இவைதான். இரண்டு இடத்திலும் இருப்பது இரும்புச் சல்பைட்டு. இரண்டு இடத்திலும் அதை உண்டாக்குபவை ஒரே கூட்டத்தைச் சேர்ந்த பற்றீரியாக்கள். நாம் ஒட்சிசனைக் கொண்டு சுவாசிக்கிறோம். இவை நீரில் கரைந்துள்ள சல்பேற்று என்ற கந்தகச் சேர்வையைக் கொண்டு சுவாசித்து, கழிவாக அழுகிய முட்டை நாற்றமுள்ள ஐதரசன் சல்பைட்டு வாயுவை வெளிவிடுகின்றன. 1895 இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பெய்ரிங்க் என்ற அறிவியலாளர் இவற்றை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். அதே நாட்டில் 1934 இல் வொன் வொல்சோகன் கியூர், வன் டெர் ஃபிளுக்ட் என்ற இருவர், ஒட்சிசனே எட்டாத ஈரக் களிமண்ணில் புதைத்த இரும்புக் குழாய்கள் ஏன் அரித்துப்போகின்றன என்ற கேள்விக்கு இந்தப் பற்றீரியாக்களைக் காரணமாகக் காட்டினார்கள். ஒட்சிசன் இல்லாவிட்டால் இரும்பு பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை அத்துடன் உடைந்தது.

வாவிக்குள் இவை நமக்கு வேண்டிய உயிர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். கரையோரக் கடற்சேற்றில் மட்கும் உயிர்ப்பொருளில் ஏறத்தாழப் பாதியைச் சிதைப்பவை இவைதான். இவை இல்லாவிட்டால் கண்டல் இலையும் செத்த மீனும் மலைபோலக் குவிந்துவிடும். ஆலைக் குழாய்க்குள் வந்து குடியேறும்போதுதான் பிரச்சினை. அங்கே அழைத்து வருபவர்கள் பெரும்பாலும் நாமே. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று உண்டு. ஆற்றுநீரில் அதன் சிறு பங்குதான். முகத்துவாரம் திறந்திருக்கும்போதும் மணல்மேடு மூடியிருக்கும்போதும் வாவியின் உப்புத்தன்மை மாறுகிறது. கரையோரக் கிணறுகளிலும் கோடையில் உவர் ஏறுகிறது. அந்த நீரைக் குளிர்விக்கவும் கழுவவும் எடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் பற்றீரியாவையும் அதற்கு வேண்டிய சல்பேற்றையும் சேர்த்தே உள்ளே எடுக்கிறது. இவற்றில் பல 25 முதல் 40 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் நன்றாக வளரும். நமது கரையில் ஆண்டு முழுவதும் அந்தச் சூடு இருக்கிறது.

குழாயில் ஓடும் நீரில் ஒட்சிசன் இருக்கிறதே, அதை வெறுக்கும் பற்றீரியா எப்படி அங்கே வாழ்கிறது என்று கேட்கலாம். அது தனியாக வருவதில்லை. முதலில் ஒட்சிசனை விரும்பும் பற்றீரியாக்கள் உலோகத்தில் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றி வழுவழுப்பான ஒரு படலத்தைச் சுரக்கின்றன. தொட்டால் விரலில் வழுக்குமே, அந்தப் பாசிப்படலம். மேலே இருப்பவை ஒட்சிசனை முழுவதும் பயன்படுத்திவிடுவதால் படலத்தின் அடியில் ஒட்சிசனற்ற ஓர் இடம் உருவாகிறது. அதற்குப் படலம் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு தடிப்புக்கூட இருக்க வேண்டியதில்லை. அந்த அடித்தளத்தில் சல்பேற்றுப் பற்றீரியா குடியேறுகிறது. இரும்பை ஒட்சியேற்றும் வேறு பற்றீரியாக்கள் மேலே செம்பழுப்புக் கூடு கட்டுகின்றன. அமிலம் சுரப்பவை பக்கத்தில் சேர்கின்றன.

அரிப்பு நடக்கும் விதம் இதுதான். இரும்பு கரைய வேண்டுமானால் அது இலத்திரன்களை விட்டுக்கொடுக்க வேண்டும். அவற்றை வாங்கிக்கொள்ள ஒன்று வேண்டும். படலத்தின் அடியில் ஒட்சிசன் இல்லை, சுற்றியுள்ள திறந்த உலோகத்தில் உண்டு. ஆகவே அடியிலுள்ள சிறு புள்ளியில் இரும்பு கரைகிறது. அதன் இலத்திரன்களைச் சுற்றியுள்ள பெரிய பரப்பு வாங்கிக்கொள்கிறது. பெரிய பரப்பின் பசியையெல்லாம் ஒரு சிறு புள்ளி தீர்க்க வேண்டியிருப்பதால் அந்தப் புள்ளி ஆழமாகத் தோண்டப்படுகிறது. பற்றீரியா வெளிவிடும் சல்பைட்டும் இரும்பைத் தாக்குகிறது. இதற்கும் மேலே ஒரு படி உண்டு. கடற்சேற்றிலிருந்து எடுத்த சில நுண்ணங்கிகள் இரும்பிலிருந்து இலத்திரன்களை நேரடியாகவே உறிஞ்சிக்கொள்கின்றன என்று 2004 இல் ஜெர்மனிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவற்றுக்கு இரும்பு வெறும் தரையல்ல, உணவு.

கடல்நீரில் கிடக்கும் சாதாரண உருக்கு பொதுவாக ஆண்டுக்கு 0.1 மில்லிமீற்றர் அளவில் தேயும். 5 மில்லிமீற்றர் தகடு பல பத்தாண்டுகள் நிற்கும் என்று அந்தக் கணக்கை வைத்துச் சொல்லலாம். பற்றீரியாக் குழி ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றருக்கு மேலும் இறங்கக்கூடும். எடை குறையாமல், சராசரித் தடிப்பும் குறையாமல், ஒரு துளை மட்டும் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். தடிப்பளக்கும் கருவியை நான்கைந்து இடங்களில் வைத்துப் பார்த்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று எழுதிக்கொடுக்கும் அறிக்கையை இதனால்தான் நான் நம்புவதில்லை.

நீண்டகாலம் நீரில் நிற்கும் உருக்கில் இன்னொரு கட்டம் வருகிறது. தொடக்கத்தில் ஒட்சிசன்தான் துருவை நடத்தும். துருவும் படலமும் தடித்து ஒட்சிசனை மறித்தபின், அரிப்பின் வேகத்தைப் பற்றீரியாக்கள் பெருமளவு தீர்மானிக்கின்றன. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், ஏறத்தாழ 50 மீற்றர் ஆழத்தில் 80 ஆண்டுகளுக்கு மேலாகக் கிடக்கிறது. அப்படிப்பட்ட உருக்கு இந்த இரண்டாம் கட்டத்துக்குள் எப்போதோ நுழைந்துவிட்டிருக்கும். டைட்டானிக்கின் துருவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு புதிய பற்றீரியாவுக்கு 2010 இல் அந்தக் கப்பலின் பெயரையே சூட்டினார்கள்.

மூழ்கிய கப்பலைவிட நமக்கு அவசரமானவை துறைமுகங்களும் இறங்குதுறைகளும். வற்று மட்டத்துக்குச் சற்று மேலே, உருக்குத் தூண்களில் செம்மஞ்சள் திட்டுகள் தோன்றி, அவற்றின் கீழே கறுப்புப் பசையும் அதன் கீழே பளபளக்கும் குழியும் காணப்பட்டால் அது உலகத் துறைமுகங்கள் பலவற்றில் கண்ட அதே நோய்தான். அங்கே ஆண்டுக்கு அரை மில்லிமீற்றரும் அதற்கு மேலும் தேய்ந்த தூண்கள் உண்டு. பெருக்கு நேரத்தில் அந்தத் திட்டு நீருக்குள் மறைந்துவிடும் என்பதால் வற்று நேரத்தில் படகில் போய்ப் பார்க்க வேண்டும்.

சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து அரிசி ஆலைக்காரர்களுக்கும் இதில் பங்குண்டு. நெல்லை ஊறவைக்கும் நீரில் மாப்பொருளும் வெல்லமும் கரைந்து புளிக்கத் தொடங்கினால், பற்றீரியாக்கள் கரிம அமிலங்களைச் சுரக்கின்றன. ஊறல் நீர் புளித்து மணப்பது அரிசியின் தரத்துக்கு மட்டும் கேடல்ல, தொட்டியின் உருக்குக்கும் கேடு. கொங்கிறீற்றுக் கழிவுக்கால்வாயில் கதை இன்னும் கடுமை. நீரிலிருந்து எழும் ஐதரசன் சல்பைட்டை, மூடியின் அடியிலுள்ள ஈரத்தில் வாழும் வேறு பற்றீரியாக்கள் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. கொங்கிறீற்று ஜிப்சமாகி மாவாக உதிர்கிறது. நீர் தொடும் அடிப்பகுதி திடமாக இருக்க, நீர் தொடாத மேற்பகுதி நொறுங்குவதன் காரணம் இதுதான்.

தடுப்பது எப்படி? எல்லாவற்றுக்கும் முதலில் தேங்கிய நீர். புதிய குழாய்த்தொகுதி கட்டி முடிந்ததும் ஒழுக்குப் பார்ப்பதற்காகக் கிணற்று நீரையோ வாவி நீரையோ நிரப்புகிறார்கள். சோதனை முடிகிறது, மின் இணைப்பு தாமதமாகிறது, நீர் மாதக்கணக்கில் உள்ளேயே நிற்கிறது. துருவேறாது என்று நம்பி அதிக விலைக்கு வாங்கிய ஸ்டெயின்லஸ் ஸ்டீல் குழாய்கூட, இயந்திரம் ஓடத் தொடங்குமுன்பே பற்றவைத்த (வெல்டிங்) மூட்டுகளின் ஓரத்தில் பொத்துப்போன சம்பவங்கள் உலகெங்கும் பதிவாகியுள்ளன. சோதனைக்கு இயன்றவரை சுத்திகரித்த நன்னீரையே பயன்படுத்துங்கள். முடிந்தவுடன் வடித்து, காற்றூதி உலர்த்துங்கள். குழாயைச் சாய்வாகப் போடுங்கள், தாழ்ந்த இடத்தில் வடிகால் வால்வு வையுங்கள். எங்கும் போகாமல் முட்டி நிற்கும் பழைய கிளைக்குழாய்களை மூடியால் அடைத்து விட்டுவைக்காமல் வெட்டி அகற்றுங்கள்.

அடுத்தது துப்புரவு. மருந்து ஊற்றுமுன் தேய்க்க வேண்டும். நீரில் மிதக்கும் பற்றீரியாவைக் கொல்லும் குளோரின், படலத்துக்குள் பதுங்கியதைத் தொடாது. அங்கே அதே பற்றீரியா நூறு மடங்கு, ஆயிரம் மடங்குகூடத் தாங்கும். தூரிகையாலோ உயர் அழுத்த நீராலோ படலத்தையும் மேடுகளையும் பெயர்த்தபின்தான் மருந்துக்கு வேலை. அளவுக்கு மீறிய குளோரின் தானே உலோகத்தை அரிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் ஊற்றாமல் வகையை மாற்றுவது நல்லது.

மண்ணுக்குள்ளும் நீருக்குள்ளும் நிற்கும் உருக்குக்குப் பூச்சோடு மின்வழிப் பாதுகாப்பும் தேவை: துத்தநாகம் அல்லது அலுமினியக் கட்டிகளைப் பொருத்தி, உருக்குக்குப் பதிலாக அவை கரையும்படி அவற்றைத் தியாகம் செய்வது, அல்லது வெளியிலிருந்து மின்னோட்டம் கொடுப்பது. உருக்கின் மின்னழுத்தத்தை, ஒப்பீட்டு அளவுகோலாக வைக்கும் செப்பு–செப்புச் சல்பேற்று மின்வாய்க்கு எதிராக அளந்தால், வழக்கமாக −850 மில்லிவோல்ற்று போதும் என்பார்கள். சல்பேற்றுப் பற்றீரியா உள்ள இடத்தில் −950 வரை இறக்க வேண்டும். வாவிச் சேற்றில் கால் பதித்து நிற்கும் எதற்கும் நான் இரண்டாவது எண்ணைத்தான் கேட்பேன்.

ஜெனரேற்றர் வைத்திருப்பவர்கள் டீசல் தாங்கியின் அடியைக் கவனிக்க வேண்டும். இரவுக் குளிரில் தாங்கியின் உட்சுவரில் படியும் ஈரம் வழிந்து டீசலுக்குக் கீழே தங்கும். அந்த நீருக்கும் எண்ணெய்க்கும் இடைப்பட்ட கோட்டில் பூஞ்சணமும் பற்றீரியாவும் வளர்ந்து அமிலம் சுரக்கும். வடிகட்டி அடிக்கடி அடைபட்டு, உள்ளே பழுப்பான கூழ் இருந்தால் அதுதான். அடிவால்வைத் திறந்து நீரைக் கிரமமாக வடித்துவிட்டால் பெரும்பகுதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கடைசியாக, தாங்கிக்குள்ளோ கழிவுக்கால்வாய்க்குள்ளோ துப்புரவு செய்ய இறங்குபவரைப் பற்றி. அழுகிய முட்டை நாற்றமுள்ள அந்த ஐதரசன் சல்பைட்டு வாயு நச்சு. காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டும்போது மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். 500 பங்கைத் தாண்டினால் சில மூச்சுகளில் மயங்கி விழலாம். நாற்றம் நின்றுவிட்டது என்று இறங்குவதும், விழுந்தவரைத் தூக்கத் துணையின்றி மற்றவர் குதிப்பதும் இரண்டு உயிர்களைப் பறிக்கும். இது காற்றைவிடப் பாரமான வாயு. மூடியைத் திறந்து வைத்தால் மட்டும் வெளியேறாது. காற்றூதியின் குழாயை அடிவரை இறக்கி ஊதி, வாயு அளக்கும் கருவியால் மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் பார்த்தபின், இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஒருவர் நிற்க இறங்க வேண்டும். கறுப்புச் சேற்றைக் கிளறும்போது வாயு மறுபடி கிளம்பும். வேலை முடியும்வரை காற்றூதியை நிறுத்தக் கூடாது.