டிரம்ஸ் மைக்கில் கசிந்த கிட்டார்

1996-ல் நியூயார்க்கில் ஒரு ஒலிப்பதிவு. பாடுபவர் லீ ஃபீல்ட்ஸ், சோல் என்ற கறுப்பின அமெரிக்க இசையின் பாடகர், 1969-லேயே முதல் இசைத்தட்டு போட்டவர். பின்குரல் பாட மூன்று பெண்களைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்து நின்றதோ ஒருவர்தான். மூவரின் பங்கையும் நானே பாடிவிடுகிறேன் என்று அவர் பாடிக் கொடுத்தார். அவர் பெயர் ஷாரன் ஜோன்ஸ். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். தேவாலயத்திலும் கல்யாண பேண்டுகளிலும் பாடியவர், ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராகவும் வேலை பார்த்தவர்.

ஒரே ஆள் மூன்று முறை பாடினால் அது எப்படிக் கோரஸாகக் கேட்கும்? எந்த மனிதராலும் ஒரே வரியை அச்சுப் பிசகாமல் இரண்டாம் முறை பாட முடியாது, அதனால்தான். முதல் தடவை 440 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 440 அதிர்வில், நின்ற சுரம் அடுத்த தடவை 442-ல் நிற்கும். இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் வினாடிக்கு இரண்டு முறை ஒலி மெல்ல ஏறி இறங்கும். அந்த அலைவைத்தான் நம் காது 'பல குரல்' என்று எடுத்துக்கொள்கிறது. அதே பதிவை அப்படியே நகலெடுத்து அடுக்கினால் சத்தம் கூடுமே தவிர ஆள் கூடாது.

அந்த வட்டாரத்து இசைக்காரர்களில் இருவர், கேப்ரியல் ராத்தும் நீல் ஷுகர்மேனும், 2001-ல் டாப்டோன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ப்ரூக்ளினின் புஷ்விக் பகுதியில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டை அவர்களே ஸ்டுடியோவாக மாற்றினார்கள். மின்சார ஒயரிங் வேலையில் ஷாரனும் கை கொடுத்தார். உலகமே கம்ப்யூட்டரில் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த காலத்தில் இவர்கள் வைத்துக்கொண்டது எட்டு டிராக், அதாவது எட்டு தனித்தனி ஒலித்தடங்கள், பதியும் டேப் மெஷின். அங்கே வாசித்த டாப்-கிங்ஸ் குழுதான் 2006-ல் பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸின் புகழ்பெற்ற ஆல்பத்தில் பாதிக்கு மேல் வாசித்தது. 'பழைய பாட்டு மாதிரியே இருக்கிறதே' என்று பலரும் மயங்கிய சத்தம் அது.

பழைய மைக், பழைய மெஷின் வாங்கிப் போட்டால் அந்தச் சத்தம் வந்துவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். என் கணக்கில் மெஷினுக்கு இரண்டாம் இடம்தான். முதல் இடம் அறைக்கு.

டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூன்றும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசிக்கப்படுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டார் ஆம்ப்ளிஃபயர் முன்னால் ஒரு மைக், மூன்று மீட்டர் தள்ளி டிரம்ஸுக்கு ஒரு மைக். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மூன்று மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 9 மில்லி வினாடி ஆகும். ஆக டிரம்ஸில் 'ஸ்னேர்' எனப்படும் கூர்மையான சத்தமுள்ள டிரம்மின் ஒரே அடி, தன் மைக்கில் உடனே விழுகிறது. கிட்டார் மைக்கில் 9 மில்லி வினாடி கழித்து, கொஞ்சம் மங்கலாக விழுகிறது. இந்தக் கசிவைத்தான் ஒலிப்பதிவாளர்கள் 'ப்ளீட்' என்பார்கள்.

இரண்டையும் சேர்த்துக் கேட்டால் எதிரொலி மாதிரி இருக்காதா? இருக்காது. சுமார் 30 மில்லி வினாடிக்குள் அடுத்தடுத்து வரும் ஒரே ஒலியை மூளை ஒன்றாகவே கட்டிவிடும். அதே சமயம் அந்தத் தாமதம் சில அதிர்வெண்களைத் தூக்கிவிடும், சிலவற்றை அமுக்கிவிடும். டிரம் ஒலியின் நிறமே மாறும். இந்த நிறம் அந்த அறைக்கும், அந்த இரண்டு மைக்குக்கும் நடுவில் இருந்த தூரத்துக்கும் மட்டுமே உரியது. ஒரு நாற்காலியை நகர்த்தினாலும் கொஞ்சம் வேறாகிவிடும். தனித்தனி அறையில், தனித்தனி நாளில் பதிந்தவற்றை ஒட்டும்போது இது இருக்காது. அதற்காகத்தான் பிறகு செயற்கை எதிரொலியைத் தடவ வேண்டிவருகிறது.

கசிவுக்கு இன்னொரு குணமும் உண்டு. கிட்டார்காரர் ஓர் இடத்தில் தப்பாகத் தட்டிவிட்டார். அவர் டிராக்கை மட்டும் அழித்துத் திரும்ப வாசித்தால் போதுமா? போதாது. அந்தத் தப்பு டிரம்ஸ் மைக்கிலும் சன்னமாக உட்கார்ந்திருக்கிறது. குழு முழுக்கத் திரும்ப வாசித்தாக வேண்டும். இது தெரிந்து வாசிப்பவனின் கைக்கு ஒரு கவனம் வரும். அந்தக் கவனமும் டேப்பில் ஏறுகிறது என்று நான் நம்புகிறேன். மீட்டர் வைத்து நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது.

இனி டேப். பிளாஸ்டிக் நாடா, அதன்மேல் இரும்பு ஆக்ஸைடுத் துகள் பூச்சு. பதிவு முனையில் ஓடும் மின்னோட்டம் துகள்களைக் காந்தமாக்குகிறது. ஒலி கூடக்கூட அதிகத் துகள்கள் ஒரே திசைக்குத் திரும்பும். ஒரு கட்டத்தில் திரும்ப வேண்டியவை எல்லாம் திரும்பி முடிந்திருக்கும். அதற்கு மேல் எவ்வளவு உரக்க அடித்தாலும் டேப் வாங்காது. ஆனால் கதவைச் சாத்துவதுபோல் டக்கென்று நிற்பதில்லை, படிப்படியாகத்தான் மறுக்கும். அதனால் ஸ்னேர் அடியின் ஊசி முனை மழுங்கி உருண்டுவிடும். அலை உருண்டால் அதில் இல்லாத ஒலிகள் முளைக்கும்: 200 ஹெர்ட்ஸ் சுரத்தோடு அதன் மூன்று மடங்கான 600-ம் லேசாகக் கூட வரும். 'சூடான சத்தம்' என்று சொல்வதில் பெரும்பங்கு இதுதான். டிஜிட்டலில் எல்லை தாண்டினால் அலையின் தலை கத்தியால் சீவியதுபோல் வெட்டுப்படும். காதில் கரகரவென்று உறுத்தும்.

இத்தனைக்கும் மேல்தான் குரல் உட்கார வேண்டும். டாப்டோன் கண்டெடுத்த இன்னொருவர் சார்லஸ் பிராட்லி, 1948-ல் பிறந்தவர். சிறுவனாக 1962-ல் நியூயார்க்கின் அப்பல்லோ அரங்கில் சோல் நட்சத்திரம் ஜேம்ஸ் பிரவுனைப் பார்த்தவர். பல ஆண்டு சமையல்காரராக இருந்தார். பிறகு ஜேம்ஸ் பிரவுன் வேஷம் கட்டி கிளப்புகளில் ஆடிப் பாடினார். மெனஹன் ஸ்ட்ரீட் பேண்டோடு அவர் செய்த முதல் ஆல்பம் 2011-ல் வந்தபோது அவருக்கு வயது 62.

வயதானால் ஆண்களின் குரல் நாண்கள் பொதுவாக மெலியும், முழுசாக மூடாது. இடுக்கில் காற்று கசியும். நுரையீரலின் நெகிழ்வும் குறையும். மெல்லிசை பாடுகிறவருக்கு இது நஷ்டம். சோல் பாடகருக்கு அப்படியல்ல. பிராட்லியின் அலறலைப் போன்ற கத்தலில் நாண்கள் ஒழுங்கில்லாமல் துடிக்கும். அவற்றுக்கு மேலே இருக்கும் பொய்நாண்கள் என்ற மடிப்புகளும் சேர்ந்து அதிரலாம். விளைவாக, ஒலியின் வலிமை வினாடிக்குப் பல பத்து முறை ஏறி இறங்கும். 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, மனித அலறல்களின் தனி அடையாளமே 30 முதல் 150 ஹெர்ட்ஸ் வரையிலான இந்த ஏற்ற இறக்கம்தான் என்றது. அபாயத்தை அறியும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி அதற்குக் கூடுதலாக விழித்துக்கொள்கிறதாம். அபாயச் சங்கின் சத்தமும் அதே வரம்பில்தான் வருகிறது.

அலறலை டேப்பில் அடக்குவது எப்படி? மேடையிலேயே வளர்ந்த பாடகருக்கு அது மைக்கிலிருந்து தள்ளி நிற்கும் வேலை. மைக்கிலிருந்து தூரம் இரட்டித்தால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். முணுமுணுக்கும்போது உதடு மைக்கிலிருந்து 5 சென்டிமீட்டரில் இருக்கும். அலறப் போகும் நொடியில் தலையைப் பின்னுக்கு இழுத்து 40-க்குப் போய்விட்டால் 18 டெசிபல் தணிந்துவிடும். கன்ட்ரோல் அறையில் யாரும் எந்தக் குமிழையும் தொட வேண்டியதில்லை. அப்படிப் பின்வாங்கும்போது அறையின் சத்தமும் குரலோடு சேர்ந்து மைக்கில் நுழையும். அதனால்தான் சோல் பாட்டில் அலறல் மட்டும் கொஞ்சம் தள்ளி, சுவரோரத்திலிருந்து வருவதுபோல் கேட்கிறது.