அதீனா தேவதை அல்லள், தெய்வம்

அக்கா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் பண்டைய நாகரிகங்கள் பற்றிக் கண்காட்சி, அவள் பங்குக்குக் கிரீஸ் வந்திருந்தது. சார்ட் பேப்பரில் பெரிதாக அதீனாவை வரைந்து வைத்திருந்தாள். தலைக்கவசம் சரியாக இருந்தது. ஈட்டி இருக்க வேண்டிய கையில், நுனியில் நட்சத்திரம் ஒட்டிய மந்திரக்கோல். முதுகில் இரண்டு வெள்ளைச் சிறகுகள். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "புத்தகத்துல தேவதைன்னுதானே மாமா போட்டிருக்கு? தேவதைன்னா இறக்கை இருக்கும்ல?" என்றாள்.

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். மொழிபெயர்ப்பு நூல். "அறிவின் தேவதை அதீனா." அடுத்த பக்கத்தில் "காதல் தேவதை அப்ரோடைட்டி", அதற்கடுத்து "வேட்டைத் தேவதை ஆர்ட்டெமிஸ்". குழந்தைமேல் ஒரு தப்பும் இல்லை. படித்த சொல் என்ன காட்டியதோ, அதைத்தான் வரைந்திருக்கிறாள். ஆண் தெய்வங்களுக்கு மட்டும் அதே நூலில் "கடல் கடவுள் பொசைடன்", "இடிக் கடவுள் சூஸ்". ஏதென்ஸ் நகரம் யாருக்கு என்று போட்டி போட்டு, ஒலிவ மரத்தைத் தந்து பொசைடனைத் தோற்கடித்தவள் அதீனா. தோற்றவன் கடவுள், ஜெயித்தவள் தேவதையா?

தேவதை என்ற சொல்லின் கதை சின்னது. வடமொழியில் 'தேவ' என்பதோடு 'தா' விகுதி சேர்ந்து 'தேவதா', அதாவது தெய்வத்தன்மை, தெய்வம். இலக்கணப்படி அது பெண்பால் சொல், ஆனால் பெண்ணைக் குறிக்கும் சொல் இல்லை. வேத மந்திரத்துக்கு ரிஷி, சந்தஸ், தேவதை என்று மூன்று சொல்வார்கள். அந்தத் தேவதை இந்திரனாகவும் இருப்பான், அக்கினியாகவும் இருப்பான். நவக்கிரகத்தில் சனிக்கு அதிதேவதை யமன். தமிழுக்கு வந்தபின் எல்லைத் தேவதை, பரிவார தேவதை, துர்தேவதை என்று பெரிய சாமிக்குக் கீழே நிற்கிற சிறு தெய்வங்கள் பக்கம் அது ஒதுங்கியது. அப்புறம் சிறுவர் கதைகளும் சினிமாப் பாட்டும் வந்து, வெள்ளைக் கவுன் போட்ட, வரம் தருகிற, சிறகு முளைத்த அழகுப் பெண் என்று அதை நிலைநிறுத்திவிட்டன. இன்றைக்கு ஒரு பெண்ணைப் பார்த்து "தேவதை மாதிரி இருக்கா" என்றால் யாரும் எல்லைத் தெய்வத்தை நினைப்பதில்லை.

சொல் இப்படி நகர்ந்ததில் எனக்குக் குறையில்லை. சிறுவர் கதையில் சிண்டரெல்லாவுக்குத் தேர் கொடுப்பவள் தேவதையாகவே இருக்கட்டும். கிறித்தவர்கள் கூட இந்த விஷயத்தில் கவனமாக இருந்திருக்கிறார்கள். அவர்களின் வேதத்தில் செய்தி கொண்டுவரும் விண்ணவருக்கு வானதூதர், தேவதூதன், சம்மனசு என்று தனிச் சொற்கள் உண்டு. தெய்வங்களுக்கு மட்டும்தான் நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சொல் கிடைக்காமல் போயிருக்கிறது.

கிராமத்துக் காளியை, மாரியைக் கிராம தேவதை என்கிறோமே, அது மட்டும் சரியா என்று கேட்பார்கள். அது பெரும்பாலும் அறிக்கையிலும் ஆய்வுக் கட்டுரையிலும் வருகிற சொல். கோயில் முன்னால் பொங்கல் வைக்கிறவர்கள் ஆத்தா என்பார்கள், அம்மன் என்பார்கள், இல்லையென்றால் சாமி என்பார்கள். "எங்க குலசாமி பேச்சியம்மன்", "எங்க குலதெய்வம் அய்யனார்". ஒரே சாமி, ஒரே தெய்வம், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பேச்சியம்மனைத் தேவதை என்று அந்த வீட்டுப் பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

எனக்குச் சரியென்று படுகிற சொல் தெய்வம்தான். அதன் வேர் வடமொழியின் 'தைவ' என்று அகராதி சொல்லும், 'தேய்' என்ற தமிழ் வேர் என்று சொல்லாய்வாளர் பாவாணர் வழி வந்தவர்கள் சொல்வார்கள். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. தொல்காப்பியத்திலேயே புழங்குகிற சொல்லுக்கு இனி யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? முதல், கரு, உரி என்று பிரித்து, கருப்பொருள் வரிசையில் முதலாவதாக வைப்பது தெய்வம். அதைவிட முக்கியமான இடம் ஒன்று சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. "தெய்வம் சுட்டிய பெயர்நிலைக் கிளவி"க்கு ஆண், பெண் என்று காட்டும் தனி ஈறு இல்லை, அது உயர்திணைப் பாலுக்கேற்ற வினையைக் கொண்டு முடியும் என்கிறார் தொல்காப்பியர். அதாவது பால் சொல்லில் இல்லை, வினையில் இருக்கிறது. அதீனா என்னும் தெய்வம் சினந்தாள். பொசைடன் என்னும் தெய்வம் சினந்தான். வேலை முடிந்தது.

ஆங்கிலக்காரருக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் வினைச்சொல் ஆண், பெண் காட்டாது, ஆகவே 'god' என்ற பெயரிலேயே ஒரு பெண்பால் வாலை ஒட்டி 'goddess' என்றாக்க வேண்டும். அந்த வாலைத் தமிழில் தேடிப் போய்த்தான் நம் ஆட்கள் 'தை' என்று முடிகிற சொல்லைக் கண்டு, கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். அதே காரணத்தால்தான் இன்னொரு கூட்டம் 'பெண் தெய்வம்', 'பெண் கடவுள்' என்று வரிக்கு வரி எழுதுகிறது. எல்லாத் தெய்வங்களையும் தொகுத்துப் பேசும்போது பெண் தெய்வங்கள் என்று பிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் "பெண் தெய்வமான அதீனா கோபமடைந்தாள்" என்பதில் 'ஆள்' ஈறு ஏற்கெனவே சொன்னதைப் 'பெண்' மறுபடி சொல்கிறது. 'கடவுளி' என்று ஒரு புதுச் சொல்லும் கண்ணில் பட்டது. அது வேண்டவே வேண்டாம்.

நம் காப்பியங்கள் எப்படி எழுதின என்று பார்த்தாலே போதும். மணிமேகலையைத் தூக்கிக்கொண்டு மணிபல்லவம் போன கடல் தெய்வத்துக்குப் பெயர் மணிமேகலா தெய்வம். சிலப்பதிகாரத்தில் கண்ணகி முன் வந்து பேசுவது மதுரை மாதெய்வம். அந்தக் கண்ணகியே பிறகு பத்தினிக் கடவுள். இந்தப் பெயர்களில் எங்கும் தேவதை இல்லை. கடவுள் என்ற சொல்லும் அன்றைக்கு இரு பாலுக்கும் பொதுவாக இருந்தது. இன்றைக்கு அதைச் சொன்னால் 'கடவுளர்' என்ற கூட்டமோ, ஒரே ஆண்டவனோதான் மனதில் வருகிறார்கள். ஜப்பானியர்களின் அமதெராசுவை "சூரியக் கடவுள் அமதெராசு" என்று எழுதினால் பத்தில் ஒன்பது பேர் ஆண் என்றுதான் படிப்பார்கள். சூரியத் தெய்வம் அமதெராசு குகைக்குள் ஒளிந்துகொண்டாள், உலகம் இருண்டது என்று எழுதினால் குழப்பமே வராது. தெய்வத்துக்கு ஜப்பானியர்கள் சொல்லும் 'காமி' என்ற சொல்லும் ஆண், பெண் பார்ப்பதில்லை. அமதெராசுவுக்குரிய ஈசே கோயிலை 20 ஆண்டுக்கு ஒரு முறை புதிதாகக் கட்டுகிறார்கள், கடைசியாக 2013-இல் கட்டினார்கள். அரச குடும்பமே தன் மூதாதை என்று வணங்குகிறவளைத் தேவதை என்று எழுதக் கை எப்படி வருகிறது?

சுமேரியர்களும் அப்படித்தான். தெய்வத்தின் பெயருக்கு முன்னால் நட்சத்திர வடிவில் ஒரு குறி போடுவார்கள், 'திங்கிர்' என்று படிப்பார்கள். ஆண் தெய்வம் என்கிக்கும் அதே குறி, பெண் தெய்வம் இனான்னாவுக்கும் அதே குறி. இனான்னா காதலுக்கும் போருக்கும் உரியவள், வானத்து வெள்ளி அவளுடையது, அடையாளம் எட்டு முனை நட்சத்திரமும் சிங்கமும். பாதாளத்துக்கு இறங்கும்போது ஏழு வாசலிலும் ஒவ்வொரு அணியாகக் கழற்றிக் கொடுத்து, கடைசியில் வெற்றுடம்போடு நின்று உயிரையும் விட்டுத் திரும்பியவள். ஏதென்ஸ்காரர்கள் அதீனாவைச் சொல்லும்போது பல இடங்களில் தெய்வம் என்கிற பொதுச் சொல்லையே வைத்து, முன்னால் பெண்பால் சுட்டை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். தொல்காப்பியர் வினையில் வைத்ததை அவர்கள் சுட்டில் வைத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தேவதை என்று எழுதினால் அடையாளங்களும் சேர்ந்து கெடுகின்றன, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். எகிப்தின் செக்மெத் சிங்கத் தலை கொண்டவள். மனிதர்களை அழிக்க அனுப்பப்பட்டு, நிறுத்தத் தெரியாமல் கொன்றுகொண்டே போனாள். சிவப்புச் சாயம் கலந்த பீரை வயலெல்லாம் ஊற்றி வைக்க, ரத்தமென்று குடித்து மயங்கியபின்தான் அடங்கினாள். அவளைச் "சிங்கமுகத் தேவதை" என்று போட்டால் படிக்கிற பிள்ளைக்கு அந்தப் பயம் எப்படி வரும்? மாத் என்பவளின் அடையாளம் ஒற்றை இறகு. இறந்தவனின் நெஞ்சைத் தராசின் ஒரு தட்டிலும் அந்த இறகை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுப்பார்கள். மாத் என்றாலே உண்மை, ஒழுங்கு என்று பொருள். நம் அறம் என்ற சொல் பக்கத்தில் வரும். "உண்மையின் தேவதை, கையில் இறகு" என்று எழுதினால் அந்த இறகு ஏதோ சிறகிலிருந்து உதிர்ந்தது போல ஆகிவிடுகிறது.

இறைவி என்ற சொல் அழகானது. ஆனால் கோயில் பலகைகளில் 'இறைவன், இறைவி' என்று பக்கத்துப் பக்கத்தில் படித்துப் பழகியதால், இறைவி என்றதும் துணைவி என்ற நினைப்பு கூடவே வருகிறது. ஓசிரிசின் மனைவி ஐசிசுக்கும் சூசின் மனைவி ஹீராவுக்கும் அது பொருந்தும். கல்யாணமே வேண்டாம் என்று நின்ற அதீனாவுக்கும் ஆர்ட்டெமிசுக்கும் பொருந்தாது. அணங்கு இன்னும் பழைய சொல், அதில் வருத்துகிற சக்தி இருக்கிறது. எல்லாருக்கும் அதைப் போட முடியாது. கிரேக்கக் கதைகளில் மலையிலும் ஊற்றிலும் திரிகிற இளம்பெண்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு வரையரமகளிர், நீரரமகளிர் என்று சங்கம் தொட்டு வருகிற சொற்கள் சும்மாவே கிடக்கின்றன. அவர்களையும் "வனதேவதை" என்று எழுதி, அதீனாவையும் தேவதை என்று எழுதினால், அங்கே மேல், கீழ் என்று இருந்த வரிசையே அழிந்துபோகிறது.

இதோடு "கிரேக்கச் சரஸ்வதி", "ரோமாபுரி ரதி" என்று எழுதுகிறவர்களையும் சொல்லிவிட வேண்டும். அதீனா அறிவுக்கு மட்டுமா உரியவள்? நெசவுக்கும் போருக்கும் உரியவள், தந்தையின் தலையைப் பிளந்துகொண்டு கவசத்தோடு பிறந்தவள். அவளுக்கு வீணையைக் கொடுத்து உட்கார வைப்பது மொழிபெயர்ப்பு ஆகாது. ஆங்கில அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் அவசரம்தான் இதற்கெல்லாம் காரணம். தமிழில் அந்தச் சொல் இன்றைக்கு எந்தப் படத்தைக் காட்டும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும். டப்பிங் தொடர்களிலும் அருங்காட்சியகக் குறிப்புகளிலும் இதே தேவதை வந்துவிட்டதால், இப்போது திருத்தாவிட்டால் இன்னும் பத்து வருடத்தில் அகராதியே இதற்குச் சாட்சி சொல்லும்.

மருமகளோடு அன்று சாயங்காலம் உட்கார்ந்து அழிரப்பரால் சிறகை அழித்தோம். மந்திரக்கோல் ஈட்டியானது. தோளருகே ஆந்தை வந்தது. "ஆந்தையா, வீட்டுக்கு ஆகாதே" என்றார் என் அம்மா. ஏதென்ஸ் வெள்ளிக் காசிலேயே ஆந்தையைப் பொறித்திருந்தார்கள், அங்கே அது அறிவுக்கு அடையாளம் என்றேன். தலைப்பை "அறிவின் தெய்வம் அதீனா" என்று அவளே மாற்றி எழுதினாள். வரைந்த சிறகு வீணாகிவிட்டதே என்று அவளுக்கு மட்டும் மனத்தாங்கல். ஏதென்சின் பார்த்தெனான் கோயிலுக்குள் சிற்பி பெய்டியாஸ் பொன்னாலும் தந்தத்தாலும் செய்த, கி.மு. 438-இல் நிறுவிய, சுமார் 12 மீட்டர் உயரச் சிலையைப் பற்றிச் சொன்னேன். அந்த அதீனாவின் வலது உள்ளங்கையில் ஆள் உயரத்துக்கு இன்னொரு தெய்வம் நின்றாள், வெற்றித் தெய்வம் நைக்கி. அவளுக்குச் சிறகு உண்டு. உடனே பென்சிலை எடுத்து அதீனாவின் கையில் குட்டியாக ஒருத்தியை வரைந்து, இரண்டு சிறகையும் அவளுக்குக் கொடுத்துவிட்டாள்.