யூரின் கல்ச்சர்: சிறுநீரைப் பிடிக்கும் விதம்

சளி இல்லை, பேதி இல்லை, ஆனால் கைக்குழந்தைக்கு 102 டிகிரி காய்ச்சல். இப்படி வந்தால் சிறுநீர்த் தொற்றா என்று சிறுநீரைப் பார்த்தே ஆகவேண்டும். எரிகிறது என்று சொல்லத் தெரியாத வயதில் காய்ச்சல், வாந்தி, பால் குடிக்காமல் சிணுங்குவது தவிர வேறு அடையாளமே இருக்காது. பெரிய பிள்ளை நீர்க்கடுப்பு என்று அழுதால் 'உடம்பு சூடு' என்று இளநீர் கொடுத்து நாளைக் கடத்துகிறோம். இளநீரால் கெடுதல் இல்லை. ஆனால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருந்தால், மருந்து தொடங்க இரண்டு மூன்று நாள் தாமதித்தாலே அங்கே தழும்பு விழும் அபாயம் கூடும்.

பெரும்பாலும் காரணம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா. மயிரிழை போன்ற நீட்சிகளால் சிறுநீர்ப்பைச் சுவரைப் பற்றிக்கொள்வதால், சிறுநீரோடு அடித்துச் செல்லப்படாமல் தங்கிவிடுகிறது.

கல்ச்சர் என்பது சிறுநீரில் என்ன கிருமி வளர்கிறது என்று லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை. அதன் முடிவு பெரும்பாலும் கெட்டுப்போவது வீட்டிலும் வார்டிலும்தான், லேபில் குறைவு. குழந்தையின் தோலில் ஒட்டும் பிளாஸ்டிக் பையில் பிடித்த சிறுநீரில் தோல் கிருமியும் மலக் கிருமியும் கலந்துவிடும். அதில் கிருமி வளராவிட்டால் நோய் இல்லை எனலாம், வளர்ந்தால் எதையும் முடிவுசெய்ய முடியாது. சொல்பேச்சு கேட்கும் பிள்ளையானால் வெறும் தண்ணீரில் கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை லேப் கொடுத்த கப்பில் பிடியுங்கள். கழுவிய ஹார்லிக்ஸ் பாட்டில் உதவாது. கைக்குழந்தைக்குக் குளிர்ந்த சலைனில் நனைத்த பஞ்சுத்துணியால் அடிவயிற்றை மெதுவாகத் தேய்க்கலாம். 2017இல் வெளியான மெல்போர்ன் ஆய்வில் இப்படித் தேய்த்தபோது 5 நிமிடத்துக்குள் சிறுநீர் கழித்தவர்கள் 31 சதவீதம், தேய்க்காதவர்களில் 12தான். அவசரமென்றால் மருத்துவர் மெல்லிய குழாய் செலுத்தி எடுப்பார்.

பிடித்த சிறுநீரை ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுக்கவேண்டும். உடல் சூட்டில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். நம் வெயிலில் பஸ்ஸில் போகிற கப்பில் என்ன நடக்கும் என்று பாருங்கள். தாமதமானால் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. ஆன்டிபயாடிக்கின் முதல் வேளை மருந்து, சிறுநீர் எடுத்த பிறகுதான். முன்பே கொடுத்தால் கிருமி வளராமல் போகலாம்.

நடுச் சிறுநீரில் ஒரே வகைக் கிருமி மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம், குழாயில் எடுத்ததில் 50,000 இருந்தால் தொற்று என்பது வழக்கமான வரம்பு. மூன்று வகை கலந்து வளர்ந்தால் கலப்படம், திரும்ப எடுக்கவேண்டும். சிறுநீரில் குச்சியை நனைத்து நிறமாற்றம் பார்க்கும் சோதனையில் நைட்ரைட் (கிருமி உண்டாக்கும் ஒரு பொருள்) இல்லை என்பதை நம்பி நிம்மதியடைய வேண்டாம். அது உருவாகச் சிறுநீர் பல மணி நேரம் சிறுநீர்ப்பையில் தங்கவேண்டும். கைக்குழந்தை அவ்வளவு நேரம் அடக்குவதில்லை.

கல்ச்சர் முடிவுக்கு இரண்டு நாள் பிடிக்கும். அதுவரை காத்திராமல் மருந்து தொடங்குவார்கள். காய்ச்சல் இறங்கியதும் நிறுத்திவிடக் கூடாது, வழக்கமாக 7 முதல் 10 நாள்.

திரும்பத் திரும்ப வந்தால் முதலில் மலச்சிக்கலைக் கேளுங்கள். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்த, சிறுநீர் முழுதாக வெளியேறாமல் மிச்சம் நின்று கிருமிக்கு இடமாகிறது. பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் மாலைவரை அடக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இதே கதி. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை போகச் சொல்லுங்கள். வெஸ்டர்ன் கமோடில் கால் தொங்கினால் இடுப்புத் தசை தளராது, காலடியில் ஒரு முக்காலி போடுங்கள்.